பணியிடத்தில் மாற்றுத்திறனாளிகள்: நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாற்றுத்திறனாளி ஒருவரை வேலைக்கு எடுப்பது ஒரு நாள் வேலை. மூன்று வருடம் கழித்தும் அவர் அதே நிறுவனத்தில் பதவி உயர்வோடு இருக்கிறாரா என்பதில்தான் உண்மையான உழைப்பு அடங்கியிருக்கிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த உழைப்பைப் பற்றியவை. மனிதவளத் துறையினர், குழுத் தலைவர்கள், சிறு நிறுவன உரிமையாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே சொல்வதைவிட உங்கள் நாட்டுச் சட்டம் கூடுதலாகக் கேட்டால் அதையே பின்பற்றுங்கள்.

எங்கள் நிறுவனத்தில் மாற்றுத்திறனாளிகள் யாருமே இல்லையே, எங்களுக்கு இது எதற்கு?

அநேகமாக இருக்கிறார்கள், உங்களிடம் சொல்லவில்லை. உலகில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க குறைபாடு ஒன்றோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சக்கர நாற்காலியும் வெள்ளைக் கோலும் கண்ணுக்குத் தெரியும். வலிப்பு நோய், ஒரு காதில் மட்டும் கேளாமை, வாசிப்பில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா, ஆட்டிசம், இருமுனை மனநலக் குறைபாடு, தீராத மூட்டுவலி, பக்கவாட்டுப் பார்வை குறைந்துகொண்டே போகும் கண்நோய் ஆகியவை வெளியே தெரியாது. சொன்னால் வேலைக்கு ஆபத்து என்று நினைப்பவர் சொல்ல மாட்டார். யாரும் சொல்லவில்லை என்றால், சொல்லும் அளவுக்கு அவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரவில்லை என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கை, ஒருவரின் உடல் அல்லது மனக் குறைபாடும் சுற்றுப்புறத்தில் உள்ள தடைகளும் சேரும்போதுதான் இயலாமை உண்டாகிறது என்கிறது. அதன் 27-வது பிரிவு வேலைக்கான உரிமையைப் பேசுகிறது. அலுவலகத்தில் இதன் பொருள் எளிது. ஒரு கணக்காளரால் மூன்றாம் மாடிக்கு ஏற முடியவில்லை. கணக்குப் பிரிவைத் தரைத்தளத்துக்கு மாற்றினால் அவர் மற்ற எல்லோரையும் போல வேலை செய்வார். கேள்வியை அவர் காலிலிருந்து எடுத்துப் படிக்கட்டின் மேல் வைத்தால் விடை கிடைத்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

கொள்கை அறிக்கை எழுதுவதிலிருந்து தொடங்காதீர்கள். புதிதாகச் சேரும் ஒருவர் நடக்கும் பாதையை முதலில் நடந்து பாருங்கள்: வேலை அறிவிப்பு, விண்ணப்பம், நேர்காணல், முதல் நாள் நுழைவாயில், வருகைப் பதிவு இயந்திரம், இருக்கை, கழிப்பறை, சாப்பிடும் இடம், கூட்ட அறை, பயிற்சி வகுப்பு, தீ அபாய வெளியேற்றம். ஒவ்வொரு இடத்திலும் நான்கு கேள்விகள் போதும். கண் தெரியாதவர் இதை எப்படிச் செய்வார்? காது கேளாதவர்? சக்கர நாற்காலியில் வருபவர்? படிக்கவோ கவனத்தை நிறுத்தவோ சிரமப்படுபவர்? விடை தெரியாத இடங்களே உங்கள் வேலைப் பட்டியல். முடிந்தால் இந்த நடையில் மாற்றுத்திறனாளிகளையே அழைத்து, அவர்கள் நேரத்துக்கு உரிய ஊதியமும் கொடுங்கள். அவர்கள் கண்ணில் படுவது உங்கள் கண்ணில் படாது.

அடுத்து, பொறுப்பும் பணமும். வசதி மாற்றங்களுக்கான செலவை அந்தந்தக் குழுவின் கணக்கில் எழுதும் நிறுவனங்களில், குழுத் தலைவர் மாற்றுத்திறனாளியைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவார். அவருடைய வருடாந்தர ஒதுக்கீடு குறையும் அல்லவா? ஆகவே இதற்கென்று நிறுவன அளவில் ஒரு பொது நிதி வையுங்கள். அதிலிருந்து செலவை அனுமதிக்கும் அதிகாரத்தைப் பெயர் சொல்லி ஒருவரிடம் கொடுங்கள். எங்கள் பார்வையில், மற்ற எதைவிடவும் முன்னால் செய்ய வேண்டியது இந்த ஒன்றுதான்.

வேலை அறிவிப்பில் எதை மாற்ற வேண்டும்?

வழிமுறையை எழுதாமல் விளைவை எழுதுங்கள். "ஓட்டுநர் உரிமம் அவசியம்" என்று இருக்கும். உண்மையில் தேவைப்படுவது மாதம் இரண்டு முறை வாடிக்கையாளரைப் போய்ப் பார்ப்பதுதான். அதை அப்படியே எழுதினால் பேருந்திலோ வாடகை வண்டியிலோ போகக்கூடியவரும் விண்ணப்பிப்பார். "20 கிலோ எடை தூக்க வேண்டும்" என்ற வரி பழைய அறிவிப்பிலிருந்து அப்படியே ஒட்டப்பட்டு வரும், அந்தப் பதவியில் இருப்பவர் வருடக்கணக்கில் எதையும் தூக்கியே இருக்க மாட்டார். "சிறந்த தொடர்புத் திறன்", "துடிப்பான ஆளுமை" போன்ற வரிகள் திக்கிப் பேசுபவரையும் காது கேளாதவரையும் ஆட்டிசம் உள்ளவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பும். மின்னஞ்சல் எழுதத் தெரிய வேண்டுமா, மேடையில் பேசத் தெரிய வேண்டுமா என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

"மாற்றுத்திறனாளிகளும் விண்ணப்பிக்கலாம்" என்று மட்டும் போடுவதில் பெரிய பலன் இல்லை. "விண்ணப்பத்திலோ நேர்காணலிலோ ஏதாவது வசதி தேவைப்பட்டால் இந்த எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ தெரிவியுங்கள், இரண்டு வேலை நாட்களில் பதில் தருவோம்" என்று எழுதி, சொன்னபடி பதிலும் தந்தால் பலன் உண்டு. தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் காது கேளாதவருக்கு வழியில்லை.

இணையவழி விண்ணப்பப் படிவத்தை நாங்களே சோதிக்க முடியுமா?

முடியும், பத்து நிமிடம் போதும். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப், ஷிஃப்ட் டேப், என்டர், ஸ்பேஸ் விசைகளால் மட்டும் விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்புங்கள். இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பது திரையில் தெரிய வேண்டும். எந்த இடத்திலும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

பிறகு என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை விண்டோஸ் கணினியில் நிறுவுங்கள். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் இந்த மென்பொருள் இலவசம். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சரியாகச் செய்த படிவம் "முழுப் பெயர், எடிட், கட்டாயம்" என்ற ரீதியில் சொல்லும். சரியில்லாத படிவம் "எடிட், பிளாங்க்" என்று மட்டும் சொல்லும். அடுத்த கட்டத்துக்குப் போனால் மறுபடியும் "எடிட், பிளாங்க்". கீழே "பட்டன்", "பட்டன்", "பட்டன்". எது சமர்ப்பிக்கும் பொத்தான், எது அழிக்கும் பொத்தான் என்று அந்தக் குரலுக்குத் தெரியாது, ஏனென்றால் படிவத்தை உருவாக்கியவர் அவற்றுக்குப் பெயர் கொடுக்கவில்லை. கட்டத்தின் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும்படி எழுதினால் போதாது. நிரலில் அந்த எழுத்தைக் கட்டத்தோடு இணைக்க வேண்டும். இதைச் சரிசெய்ய நிரலாளருக்கு ஒரு மதியப் பொழுது போதும். சரிசெய்யாவிட்டால் கண் தெரியாத ஒரு பட்டதாரி அந்த வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

வேறு சில பொறிகளும் உண்டு: படத்தில் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேப்ட்சா, பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடும் நேரக்கெடு, பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டும் கட்டம், இழுத்துப் போட்டால்தான் ஏறும் கோப்பு. விண்ணப்பதாரரின் முகபாவனையையும் குரல் ஏற்ற இறக்கத்தையும் வைத்து மதிப்பெண் போடும் தானியங்கி வீடியோ நேர்காணல்களை விட்டுவிடுங்கள். முகத் தசை இயங்காதவரும் கண்ணைப் பார்த்துப் பேசாதவரும் அதில் தோற்பார்கள், அவர்கள் தோற்றது உங்களுக்குத் தெரியவும் வராது.

நேர்காணலில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

"உங்களுக்கு என்ன ஆச்சு?", "பிறவியிலேயே இப்படியா?", "வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்கக் கூடாது. "இந்த வேலையில் தினமும் நாற்பது ரசீதுகளைச் சரிபார்க்க வேண்டும். நீங்கள் அதை எப்படிச் செய்வீர்கள், அதற்கு எங்களிடமிருந்து என்ன தேவை?" என்று கேட்கலாம். வித்தியாசம் தெளிவு: முதலில் உள்ளவை ஆளைத் துருவுகின்றன, இது வேலையைப் பேசுகிறது. எந்த வசதி வேண்டும் என்ற கேள்வியை எல்லா விண்ணப்பதாரர்களிடமும் முன்கூட்டியே கேளுங்கள். அப்போது யாரும் தனித்து நிறுத்தப்பட மாட்டார்கள்.

சைகைமொழி மொழிபெயர்ப்பாளரை முதல் நாள் மாலை தேடினால் கிடைக்க மாட்டார், இரண்டு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் என்றால் இரண்டு பேர் வேண்டும். தொடர்ந்து 15, 20 நிமிடம் மொழிபெயர்த்தாலே மனம் களைத்துப் பிழைகள் வரத் தொடங்கும் என்பதால் மாறி மாறிச் செய்வார்கள். அவரை நேர்காண்பவரின் பக்கத்தில், விண்ணப்பதாரரின் கண்ணுக்கு நேராக உட்கார வையுங்கள். மொழிபெயர்ப்பாளரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கை அசைவு நிழலாகத்தான் தெரியும். பெயர்கள், துறைச் சொற்கள் ஆகியவற்றின் பட்டியலை முன்பே அனுப்புங்கள். பேசும்போது விண்ணப்பதாரரைப் பார்த்துப் பேசுங்கள். "அவரிடம் இதைக் கேளுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்வது, எதிரில் இருப்பவரை ஆளே இல்லாதது போல ஆக்கிவிடும். உலகில் 300-க்கும் மேற்பட்ட சைகைமொழிகள் இருக்கின்றன என்பதால், எந்தச் சைகைமொழி என்று கேட்டுவிட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

ஆட்டிசம் உள்ளவரிடம் "ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" போன்ற கேள்விகளைக் கேட்டு அவர் திறமையை அளக்க முடியாது. ஒரு மணி நேர மாதிரி வேலை கொடுங்கள். கேள்விகளை முந்தைய நாளே அனுப்புவது எல்லோருக்கும் நல்லது. எழுத்துத் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்டால், 25 சதவீதம் வேண்டுமா, 50 சதவீதம் வேண்டுமா என்பதை அவர் பயன்படுத்தும் கருவியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். திக்கிப் பேசுபவரின் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.

"நியாயமான வசதி மாற்றம்" என்கிறார்களே, அது என்ன? செலவு அதிகம் ஆகுமா?

ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்யத் தேவையான மாற்றம், நிறுவனத்தால் தாங்க முடியாத சுமை ஆகாத வரையில். ஆங்கிலத்தில் இது ரீசனபிள் அக்காமடேஷன். சில மொழிபெயர்ப்புகளில் "நியாயமான இடவசதி" என்று வந்து, ஏதோ இடம் ஒதுக்குவது என்று தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. வேலை நேரத்தை மாற்றுவது, வாய்வழி உத்தரவை எழுத்தில் தருவது, இரைச்சல் குறைந்த மூலையில் இருக்கை தருவது, வேலையின் ஒரு சிறு பகுதியைச் சக ஊழியரோடு மாற்றிக்கொள்வது, மருத்துவரைப் பார்க்க வாரம் இரண்டு மணி நேரம் விடுவது, வீட்டிலிருந்து வேலை, மென்பொருள், கருவி எல்லாமே இதில் வரும். பாதிக்கு மேற்பட்ட மாற்றங்களுக்கு எந்தச் செலவும் ஆகவில்லை என்று அமெரிக்காவின் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் என்ற ஆலோசனை அமைப்பு நடத்திய ஆய்வில் நிறுவனங்களே சொல்லியிருக்கின்றன.

நடைமுறையை இப்படி வையுங்கள். ஊழியர் வாய்மொழியாகக் கேட்டாலும் அது கோரிக்கைதான். இரண்டு நாளில் பெற்றுக்கொண்டதாகப் பதில், ஒரு வாரத்துக்குள் அவரோடு உட்கார்ந்து பேச்சு, பத்து வேலை நாளில் முடிவு. பொருள் வாங்கத் தாமதமானால் அதுவரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு. மாற்றம் செய்தபின் ஒரு மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை "சரியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். முடிவை எழுத்தில் வையுங்கள். மேலாளர் மாறும்போதெல்லாம் அந்த ஊழியர் முதலிலிருந்து விளக்க வேண்டிய அவலம் நேரக் கூடாது.

அதிகம் நடக்கும் தவறு, கேட்காமல் வாங்குவது. பார்வை குறைந்த ஒரு ஊழியருக்கு 27 அங்குலத் திரை வாங்கித் தருவார்கள். மேசையின் பின் ஓரத்தில், சுவரை ஒட்டி வைப்பார்கள். அவர் முன்போலவே உடம்பை வளைத்து, கழுத்தை நீட்டி, மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து படிப்பார். பின்னால் உள்ள ஜன்னலின் வெளிச்சம் அந்தப் பெரிய கண்ணாடிப் பரப்பில் பளிச்சென்று விழும். மாலையில் தலைவலி. அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்: பழைய திரையே போதும், அதை முகத்துக்கு அருகில் இழுத்துக்கொள்ள வளைந்து நீளும் ஒரு தாங்கியும், ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலையும் வேண்டும் என்று.

இன்னொரு தவறு, எல்லாவற்றுக்கும் மருத்துவச் சான்று கேட்பது. ஜன்னலோர இருக்கைக்கும் ஹெட்போனுக்கும் சான்று எதற்கு? "இவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்ற பேச்சும் வரும். கேட்கட்டும். செலவில்லாத ஒன்று நான்கு பேருக்கு உதவினால் நல்லதுதானே?

கட்டடத்தில் எந்த அளவுகளைப் பார்க்க வேண்டும்?

உள்ளூர்க் கட்டட விதிகளே இறுதியானவை. பரவலாகப் பயன்படும் அளவுகள் இவை. சாய்தளத்தின் சரிவு 1:12-க்கு மேல் போகக் கூடாது, அதாவது 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம், 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர். நீளம் பார்த்து மலைத்து, மூன்று படிக்கு இரண்டு மீட்டரில் ஒரு இரும்புத் தகட்டைச் சாய்த்து வைப்பார்கள். சக்கர நாற்காலி அதில் ஏறும்போது முன்சக்கரம் எழும்பிப் பின்னால் கவிழும். கவிழ்ந்தால் அடிபடுவது தலையில். சாய்தளத்தின் மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம் வேண்டும். உயரம் சுமார் 75 செ.மீ.யைத் தாண்டினால் நடுவிலும் ஒன்று. சாய்தளம் முடியும் இடத்தில் கதவு வெளிப்பக்கம் திறந்தால், கதவைத் திறக்க அவர் பின்னோக்கி உருள வேண்டியிருக்கும். இருபுறமும் கைப்பிடி, தரையிலிருந்து 86 முதல் 96 செ.மீ.க்குள். பளபளப்பான டைல்ஸ் ஒட்டாதீர்கள், ஈரம் பட்டால் ஊன்றுகோல் வழுக்கும்.

கதவு திறந்திருக்கும்போது கிடைக்கும் இடைவெளி 81.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 90 இருந்தால் நல்லது. சட்டத்தை அளக்காதீர்கள், திறந்த கதவுக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். வாசற்படி மேடு 13 மி.மீ.க்குள். நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம். மின்விளக்குச் சுவிட்ச், லிஃப்ட் பொத்தான், வருகைப் பதிவு இயந்திரம் ஆகியவை 120 செ.மீ.க்கு மேல் வேண்டாம். லிஃப்டில் பிரெய்ல் எழுத்தும் மாடி எண்ணைச் சொல்லும் குரலும் இருக்கட்டும்.

கழிப்பறையில் இருக்கையின் உயரம் 43 முதல் 48 செ.மீ. பக்கக் கைப்பிடி 84 முதல் 91 செ.மீ. உயரத்தில், ஆளின் முழு எடையையும் தாங்கும்படி சுவருக்குள் ஆழமாகப் பொருத்தியிருக்க வேண்டும். ஜிப்சம் பலகையில் திருகினால் பிடித்த மாத்திரத்தில் பெயர்ந்து வரும். கதவு வெளிப்பக்கம் திறக்கவோ பக்கவாட்டில் நகரவோ வேண்டும், உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துவிடும். அவசர மணிக் கயிறு தரைக்கு 10 செ.மீ. உயரம் வரை தொங்க வேண்டும். சுத்தம் செய்பவர்கள் அதை இடைஞ்சல் என்று மேலே சுருட்டிக் கட்டிவிடுவார்கள், வாரம் ஒருமுறை பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் கழிப்பறையில் வாளி, துடைப்பம், பழைய அட்டைப் பெட்டிகளை அடுக்காதீர்கள், பூட்டிச் சாவியை யாரிடமோ கொடுக்காதீர்கள். கழிப்பறைக்குப் போக முடியாது என்று தெரிந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மென்பொருளும் அலுவலக ஆவணங்களும்?

டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற இணைய அணுகல்தன்மை நெறிமுறையின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதன் மூன்று நிலைகளில் நடுவில் உள்ள இரட்டை ஏ (AA) நிலையை இலக்காக வையுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து இதில் தேறாது. வரைபடத்தில் சிவப்பும் பச்சையும் மட்டும் போட்டால் நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு இரண்டும் ஒன்று, கோடுகளின் மேலேயே பெயரை எழுதிவிடுங்கள்.

புதிய மென்பொருள் வாங்கும்போது விற்பவரின் "எல்லாம் அணுகத்தக்கது" என்ற வாக்கை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மவுஸ் இல்லாமல், ஸ்கிரீன் ரீடரோடு உங்கள் முன்னால் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: புதுப்பிப்பால் அணுகல் கெட்டால் இத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும். நேற்றுவரை ஓடிய விடுப்பு விண்ணப்பச் செயலி, புதுப்பித்த மறுநாள் காலை கண் தெரியாத ஊழியருக்கு ஊமையாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

சுற்றறிக்கையைக் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து, படமாக வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கத்தை இன்றே நிறுத்தலாம். படத்தை ஸ்கிரீன் ரீடர் ஒழுங்காக வாசிக்காது. அதே செய்தியை எழுத்தாகவும் அனுப்புங்கள். வேர்டில் தலைப்புக்குத் தடித்த எழுத்து மட்டும் போடாமல் ஹெட்டிங் ஸ்டைல் கொடுத்தால், கேட்டுப் படிப்பவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம்.

காது கேளாத ஊழியர் இருக்கும் கூட்டத்தை எப்படி நடத்துவது?

ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள், பேசுமுன் கையைத் தூக்குங்கள். யார் பேசுகிறார் என்று அவர் கண்ணைத் திருப்புவதற்குள் பாதிப் பேச்சு போய்விடுகிறது. குறிப்புப் பலகையில் எழுதிக்கொண்டே, முதுகைக் காட்டிப் பேசாதீர்கள். உதட்டைப் பார்த்து எல்லாம் புரிந்துகொள்வார் என்று எண்ணாதீர்கள், பல ஒலிகள் உதட்டில் ஒன்றுபோலவே தெரியும். "ப", "ம" இரண்டையும் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். தானியங்கி வசனவரி உதவும், ஆனால் ஆட்களின் பெயர், எண்கள், இரண்டு மொழி கலந்த பேச்சு ஆகியவற்றில் அது தவறும். முடிவுகளைக் கூட்டம் முடிவதற்குள் எழுத்தில் போட்டுவிடுங்கள். பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகைமொழியே தாய்மொழி, எழுத்து மொழி இரண்டாம் மொழி. அவர் மின்னஞ்சலின் இலக்கணத்தை வைத்து அவர் அறிவை எடை போடாதீர்கள்.

மனநலக் குறைபாடு, ஆட்டிசம், கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்களுக்கு என்ன செய்யலாம்?

பெரும்பாலும் தெளிவும் முன்னறிவிப்பும்தான் தேவை. "இதைச் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்" என்பதற்குப் பதில் "வியாழன் மாலை 4 மணிக்குள், இந்த இரண்டு அட்டவணை மட்டும்" என்று சொல்லுங்கள். வேலை மாறினால் காரணத்தோடு முன்பே தெரிவியுங்கள். காலை மருந்தால் மந்தமாக இருப்பவருக்கு 10 மணித் தொடக்கம், வெளிச்சமும் இரைச்சலும் தாங்காதவருக்குத் தடுப்பு வைத்த இருக்கை, மாதம் ஒருமுறை மேலாளரோடு தனிப் பேச்சு. நோயின் பெயர் மேலாளருக்குத் தெரிய வேண்டியதில்லை. என்ன மாற்றம் தேவை என்பது தெரிந்தால் போதும். மருத்துவத் தகவலைத் தனிக் கோப்பில் பூட்டி வையுங்கள். உணவு இடைவேளையில் அது பேச்சாகக் கசிந்தால், அதன்பிறகு உங்கள் நிறுவனத்தில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

சக ஊழியர்களுக்கு என்ன சொல்லித் தர வேண்டும்?

உதவும் முன் கேட்பது, பதிலுக்குக் காத்திருப்பது. சக்கர நாற்காலியை அவர் கேட்காமல் தள்ளாதீர்கள், அது அவர் உடம்பின் ஒரு பகுதி மாதிரி. கண் தெரியாதவரின் கையைப் பிடித்து இழுக்காமல் உங்கள் முழங்கையை நீட்டுங்கள். அவர் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார், படி வந்தால் "மேலே ஏறுகிறது", "கீழே இறங்குகிறது" என்று சொல்லுங்கள். அறையை விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பார். நடைபாதையில் குப்பைத்தொட்டியையும் நாற்காலியையும் இடம் மாற்றி வைக்காதீர்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு அலுவலகத்தில் நடக்கச் சொல்லும் பயிற்சிகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பார்வை போன முதல் ஐந்து நிமிடத்தின் பயத்தைத்தான் அது காட்டும். இருபது வருடமாகக் கோலோடு நடப்பவரின் திறமையைக் காட்டாது. பயிற்சி பெற்றவர்கள் இரக்கத்தோடு வெளியே வருவார்கள், அந்த இரக்கமே பிறகு "பாவம், அவருக்கு ஏன் கஷ்டமான வேலை?" என்று அவர் வாய்ப்பைப் பறிக்கும்.

தீ விபத்து என்றால்?

ஆளுக்கு ஒரு எழுத்துத் திட்டம் வேண்டும்: எந்த வழி, யார் இருவர் துணை, அந்த இருவரும் விடுப்பில் இருந்தால் யார், இரவுப் பணியில் யார். லிஃப்டைப் பயன்படுத்த முடியாது என்பதால் மேல்மாடிகளில், ஆளைப் படிக்கட்டு வழியே இறக்கும் நாற்காலி தேவை. அதை வாங்கிச் சுவரில் மாட்டினால் மட்டும் பயனில்லை, ஆளை உட்கார வைத்து இறக்கிப் பழகியவர்கள் ஒவ்வொரு பணிமுறையிலும் இருக்க வேண்டும். காது கேளாதவருக்கு ஒளிரும் எச்சரிக்கை விளக்கு கழிப்பறைக்குள்ளும் வேண்டும், ஏனென்றால் அவர் தனியாக இருக்கும் இடம் அதுதான். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் விளக்கு வலிப்பைத் தூண்டலாம், அப்படிப்பட்டதை வாங்காதீர்கள். ஒத்திகையின்போது "நீங்கள் சிரமப்பட வேண்டாம், இங்கேயே இருங்கள்" என்று மாற்றுத்திறனாளியை விட்டுவிட்டுப் போவதைப் பல இடங்களில் மரியாதை என்று நினைக்கிறார்கள். ஒத்திகையில் விடப்பட்டவர் உண்மையான தீயிலும் விடப்படுவார்.

வேலையில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு வந்தால்?

குறைபாடுகளில் பெரும்பகுதி வயது, நோய், விபத்து ஆகியவற்றால் இடையில் வருவதுதான். அனுபவமுள்ள ஒருவரை இழக்காமல் இருக்க, மருத்துவமனையில் இருக்கும்போதே தொடர்பில் இருங்கள். "எப்போது வருவீர்கள்?" என்று நெருக்காமல், "உங்கள் இடம் இருக்கிறது" என்று சொல்வதற்காகப் பேசுங்கள். திரும்பும்போது முதல் இரண்டு வாரம் அரை நாள், பிறகு முக்கால், ஆறாவது வாரத்தில் முழுநாள் என்று படிப்படியாகக் கூட்டலாம். பழைய வேலை முடியவில்லை என்றால் அதே ஊதியத்தில் வேறு வேலை இருக்கிறதா என்று பார்த்தபிறகே மற்ற பேச்சு.

முன்னேறுகிறோமா என்று எப்படி அளப்பது?

எத்தனை பேரை எடுத்தோம் என்ற எண் மட்டும் ஏமாற்றும். ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள், கோரிக்கை முடிய எத்தனை நாள் ஆகிறது, பதவி உயர்வில் அவர்கள் பங்கு என்ன, ஒரே தகுதிக்கு ஒரே ஊதியமா என்று பாருங்கள். தகவல் தருவது ஊழியரின் விருப்பம். எதற்குக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கேளுங்கள். பத்துப் பேருக்கும் குறைந்த குழுவின் எண்ணை வெளியிடாதீர்கள், ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். சொல்பவர்களின் எண்ணிக்கை வருடா வருடம் ஏறினால் அது நல்ல செய்தி.

மாற்றுத்திறனாளி ஊழியரின் வேலை திருப்தியாக இல்லை என்றால் கண்டிக்கலாமா?

கண்டிக்கலாம், கண்டிக்கத்தான் வேண்டும். முதலில் ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: கேட்ட வசதி மாற்றம் உண்மையிலேயே கிடைத்ததா, இன்னும் இயங்குகிறதா? ஸ்கிரீன் ரீடரின் உரிமம் காலாவதியாகி மூன்று வாரமாகச் சக ஊழியரைப் படிக்கச் சொல்லி வேலை பார்ப்பவரின் வேகம் குறையத்தான் செய்யும். அதெல்லாம் சரியாக இருந்தும் பிழைகள் தொடர்ந்தால், மற்றவரிடம் சொல்வது போலவே எந்த வேலையில், எந்தத் தேதியில், என்ன பிழை என்று நேராகச் சொல்லுங்கள், திருத்திக்கொள்ளக் கால அவகாசம் கொடுங்கள். மனம் நோகுமே என்று வருடக்கணக்கில் "நன்று" என்றே மதிப்பீட்டில் எழுதி வந்தால், தன் குறை என்ன என்று தெரியாமலே அவர் பதவி உயர்வுப் பட்டியலுக்கு வெளியே நிற்பார்.